உருகுவதற்குத் தடை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த மாபெரும் சாதனை, 1959-இல் அரிமளத்துக்குப் பக்கத்தில், ஒரு நிலக்கடலைக் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்தது. அதன் செயலாளர் ஆத்மநாதன், ஒரு கார் ஃபியூஸை ‘நிர்வாக ரீதியாக’ வென்றார்.

சங்கத்துக்கு ஒரு பழைய கார் உண்டு. அதில் ஒரே வாரத்தில் மூன்று ஃபியூஸ் போய்விட்டன. லைட் பத்து நிமிஷம் எரியும், அப்புறம் கும்மிருட்டு. மறுநாள் சாயங்கால ரயிலில் ஜில்லா அதிகாரி புதுக்கோட்டையில் வந்து இறங்குகிறார். அந்தக் காரில் அவரை முகம் கோணாமல் அழைத்து வந்து சேர்த்தால் ஆத்மநாதனுக்கு உத்தியோக உயர்வு. பன்னிரண்டு வருஷமாக மனுஷன் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் சேக் அலாவுதீன் காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார்.

“ஃபியூஸ் மேல தப்பில்லீங்கய்யா. எங்கிட்டோ ஒயரு தோல் உரிஞ்சு பாடியில தொடுது. அதைச் சொல்லத்தான் அது உருகுது. ரெண்டு நாள் வண்டிய விடுங்க, தேடிப் பிடிச்சிருவேன்.”

“கோளாறு சொல்றதா பாய் அதோட வேலை?”

“அது ஒண்ணுதாங்க அதோட வேலை.”

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. கிடங்குக் கூரை ஒழுகி மூட்டைக் கடலையெல்லாம் முளைவிடுகிறது என்று போன வருஷம் எழுதிக் கொடுத்த குமாஸ்தா நாகராசுவும் இதே ரகம். அவனை ‘சங்கத்தின் நலன் கருதி’ வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆனால் அதைப் பற்றிக் கடிதம் வருவது அடியோடு நின்றுவிட்டது.

அன்றே அவசரக் கூட்டம் கூடியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: “இனி எந்த ஃபியூஸும் செயலாளரின் முன் அனுமதியின்றி உருகலாகாது.”

“இது ஃபியூஸுக்குத் தெரியுமாய்யா?” என்று கொட்டாவிக்கு நடுவே கேட்டார் சங்கத் தலைவர் பெரியகருப்பன்.

“நகல் அனுப்பிருவோமுங்க.”

நகலை மட்டும் நம்பாமல், ஆபீஸில் காலண்டர் தொங்கிய ஆணியைப் பிடுங்கி, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஆத்மநாதன் தம் கையாலேயே செருகினார். அடேயப்பா, என்ன வெளிச்சம்! ஆணி லீவு கேட்காது, புகார் எழுதாது. இப்படி ஓர் ஊழியரை அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம். அதிகாரியை ஏற்றிக்கொண்டு ஆத்மநாதனே ஓட்டிவந்த கார் நமணசமுத்திரம் தாண்டியது.

“லைட்டெல்லாம் ஜம்முன்னு எரியுதே! நிர்வாகம்னா இப்படி இருக்கணும்” என்றார் அதிகாரி.

“எல்லாம் தங்கள் ஆசீர்வாதமுங்க.”

“என்னமோ கருகுற வாடை அடிக்குதே?”

“பக்கத்துல யாராச்சும் கடலை வறுப்பாங்கய்யா.”

வறுபட்டது கார். புகை மண்டி வண்டி நிற்க, அதிகாரி கதவைத் திறந்து குதித்தார். ஆத்மநாதன் அவருக்கு முன்பே குதித்திருந்தார். அவ்வழியாக வந்த மாட்டுவண்டியில் அதிகாரி ஏறிப் போனார். உத்தியோக உயர்வும் அதே வண்டியில் போயிற்று.

காலையில் அலாவுதீன் சாம்பலைக் கிளறி, குறட்டால் ஆணியை எடுத்து நீட்டினார்.

“வண்டி போச்சு, ஒயரு போச்சு, சீட்டு போச்சு. இவுகளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலீங்கய்யா. வச்ச எடத்துல அசையாம இருந்திருக்காக.”

ஆணியை ஆத்மநாதன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். நாகராசுவின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு ஆபீஸுக்குப் போய் விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்தார். ‘சேதமின்றி மிஞ்சியவை’ என்ற இடத்தில் எழுதினார்:

“ஆணி ஒன்று. செயலாளர் ஒன்று.”