பத்தொன்பது முறை நடந்த ஒரே திருட்டு

பைசாந்து,
மே 14.

இருபத்து நான்கு மணி நேரமும் கண்மூடாத தொலைக்காட்சியின் செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் நலம். தங்கள் தயவால் அல்ல. தாங்களும் குடும்பத்தாரும் நிம்மதியாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். தங்கள் சேனலை வீட்டில் யாரும் பார்க்கமாட்டீர்கள் அல்லவா?

என் கணவர் ஒப்துலியோ முப்பத்தெட்டு வருடம் எல்லை ஆற்றுப் பாலத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கத்தியோடு வந்த கடத்தல்காரனைக் காதைப் பிடித்து இழுத்து வந்த ஆள். அவர் ஓய்வு பெற்றதும் மகள் பெரிய டிவி ஒன்று வாங்கித் தந்தாள். அதோடு தாங்களும் எங்கள் வீட்டில் குடியேறினீர்கள். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், தலைநகர் மொந்தெவிதேயோவில், தொப்பி போட்ட ஒருவன் நகைக்கடையில் புகுந்தான். இங்கே இவர் சன்னலைச் சாத்தினார். "நெலிதா, ஒரே நாள்ல பத்தொன்பது திருட்டு! நாடு போச்சு!" என்றார். "மனுஷா, அது ஒரே கடை, ஒரே தொப்பி, ஒரே திருட்டு. அவங்க பத்தொன்பது தடவை போட்டாங்க" என்றேன். கேட்டால்தானே! சன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி வந்தது, கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் வந்தது, மனிதருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. புயல் வருகிறது என்று தாங்கள் அலறிய அன்று மேசைக்கடியில் மெத்தை போட்டுப் படுத்தார்; வெளியே நாலு தூறல், அதுவும் செடிக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வில்மாரின் கழுத்தில் பாம்பு பச்சை குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இவன் கும்பல்காரன், டிவியில இதே மாதிரிதான் காட்டினாங்க" என்று அவன் வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் நான் காய்கறிச் சந்தைக்குப் போயிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். உள்ளே மூன்று தாழ்ப்பாள். என் சாவி எதற்கு ஆகும்? உள்ளே அவர் முனகுவது கேட்டு நான் வாசலில் நின்று கதறினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, இந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்தது. ஓடி வந்தது அந்தப் பாம்புக் கழுத்துக்காரன்தான். பட்டறையில் வேலை செய்பவன், கம்பி அறுக்கும் இயந்திரத்தோடு வந்தான். தீப்பொறி பறக்கக் கம்பியை அறுத்து, அவன் குளியலறைச் சன்னல் வழியே தலையை நீட்டியதும் உள்ளிருந்து சோப்பு பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது.

"எது வேணும்னாலும் எடுத்துக்கோ! டிவியை மட்டும் விட்டுடு!"

"டிவி எனக்கு வேணாம் மாமா. காலைக் காட்டுங்க."

குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கட்டுப் போட்ட மருத்துவர் அம்மாள் ரத்தக்கொதிப்பைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்தி பார்க்கிறீங்க?" என்று கேட்டாள். "பதினோரு மணி நேரம்தான்" என்றார், கூச்சமில்லாமல். "மதியம் பதினைந்து நிமிஷம் வானொலி. அவ்வளவுதான். பயமா இருந்தா, இது எங்கே நடந்தது, எப்போ நடந்தது, இதுக்கு நான் இப்போ என்ன செய்யணும்னு கேட்டுக்கோங்க. செய்ய ஒண்ணுமில்லேன்னா வெளியே போய் உட்காருங்க" என்றாள். டிவியை அன்றே மகளிடம் திருப்பி அனுப்பினேன். இப்போது மாலையில் நடைபாதையில் நாற்காலி போட்டு, வில்மாரும் இவரும் ஒரே குவளையில் மாத்தே இலைத் தேநீர் குடிக்கிறார்கள். கொதிப்பு இறங்கியது, தூக்கம் வந்தது, கம்பிகளை வில்மாரே கழற்றித் தக்காளிப் பந்தலாக்கிவிட்டான். இதையெல்லாம் தாங்கள் செய்தியாகப் போடமாட்டீர்கள். யாரும் சாகவில்லையே!

தங்கள் தொண்டைக்கு ஓய்வும், தங்கள் வீட்டார் காதுக்கு அமைதியும் ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
நெலிதா

பின்குறிப்பு: நேற்று இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "டிவியில வாசிப்பாங்களா?" என்று கேட்டார் ஒப்துலியோ. வாசிப்பதானால் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லவும். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நேரம் தெரியாததால் நேற்றிலிருந்து எல்லோரும் வில்மார் வீட்டில் உட்கார்ந்து, தங்கள் சேனலைத்தான் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியே நிலைமை ரொம்ப மோசம்போலிருக்கிறதே!