நன்றி சொல்லி உட்கார்ந்த மருமகனுக்கு

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும் என் தங்கை சோலையம்மாளின் ஒரே மகனுமாகிய புகழேந்தி அவர்களுக்கு, மேல ஊத்துப்பட்டியிலிருந்து தாய்மாமன் ஆண்டிச்சாமி எழுதுவது. நானும் உன் அத்தை குருவம்மாளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இருப்பதைச் செல்போனில் பார்த்தோம், கன்னம் உப்பியிருக்கிறது. மாண்புமிகு என்று தொடங்கியது உன் பதவிக்காக. இனி எழுதப்போவது தாய்மாமன் என்ற என் பதவிக்காக, ஆகவே நீ என்றுதான் எழுதுவேன். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பட்டாசுக் கம்பெனிச் சுவரில் 'மருந்தைச் சிந்தாதே, உராய்வைத் தவிர், செருப்பை வெளியே விடு' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவன். அதனால் என் எழுத்து எல்லாமே உத்தரவு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நம் ஊருக்கு ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்கப்போகிறாய் என்று உன் உதவியாளர் சொன்னதிலிருந்து ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. அன்று காளீஸ்வரன் டீக்கடையில் பிஸ்கட் பாட்டில்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீ எழுந்தாய். எனக்கு நெஞ்சு விம்மியது. முதலில் உங்கள் தலைவரை வாழ்த்தினாய், பிறகு அவரை உருவாக்கிய தலைவரை, பிறகு பேரவைத் தலைவரை, பிறகு நான் பெயரே கேள்விப்படாத ஓர் ஒன்றியச் செயலாளரை. காளீஸ்வரன் போட்ட டீ ஆறி, ஏடு படிந்து, அதை அவன் மறுபடி சுடவைத்துக் கொடுத்த பிறகுதான் கேள்விக்கு வந்தாய். மேல ஊத்துப்பட்டியில் தீயணைப்பு நிலையம் அமைக்க அரசு முன்வருமா என்று கேட்டாய். நல்ல கேள்வி. கடையே கைதட்டியது. அமைச்சர் எழுந்து, அந்த ஊரிலிருந்து கடந்த பத்தாண்டுகளில் தீயணைப்புத் துறைக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை, ஆகவே அப்படி ஒரு தேவை எழவில்லை என்றார். சரி, இப்போது என் மருமகன் பிடிபிடியென்று பிடிக்கப்போகிறான் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். நீ என்ன செய்தாய்? 'அமைச்சர் அவர்களின் தெளிவான விளக்கத்துக்கு நன்றி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்!

எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில் டீ மூக்கில் ஏறிவிட்டது. காளீஸ்வரன் என்னைப் பார்த்து, "ஏண்ணே, உங்க மருமகன் கேள்வி கேக்கப் போனாராக்கும், இல்ல பதில் நல்லாருக்குன்னு மெச்சப் போனாராக்கும்?" என்றான். தலை நிமிர முடியவில்லை. புகழேந்தி, உனக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். அன்றைக்கு நீ போட்ட கூச்சலில் ஆமத்தூர் வரைக்கும் நாய் குரைத்தது. அதில் பாதியை அங்கே சட்டமன்றத்தில் போட்டிருக்கக் கூடாதா?

அழைப்பு ஏன் வரவில்லை என்று அமைச்சருக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது? வண்டி சிவகாசியிலிருந்து வரவேண்டும். நடுவில் ரயில்வே கேட். பத்து வருடத்துக்கும் முன்னால் நம் முனியராஜின் கூரை எரிந்தபோது கடைசியாகக் கூப்பிட்டோம். அவர்கள் வந்து சேர்ந்தபோது அவன் புதுக்கூரைக்கு மூங்கில் அளந்துகொண்டிருந்தான். அதற்கப்புறம் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வீடு மண்வாளி, நனைத்த சாக்கு, புகை தெரிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் ஊரே வந்து அணைத்துவிடும். அதனால்தான் அரசாங்க ஏட்டில் நம் பேரில் தீயே இல்லை. கம்பெனியில் விபத்து நடந்தாலும் நம் பேரில் வராது, கம்பெனி இருக்கிற சர்வே நம்பர் பக்கத்து ஊர்க் கணக்கு. அங்கே வேலைக்குப் போகிற பெண்கள்தான் நம் ஊர்க் கணக்கு. இங்கே சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை, எந்தத் திசை என்றுதான் கேட்கிறோம். வைக்கோல் தீயை நாங்கள் அணைப்போம். பட்டாசு மருந்துத் தீயை மண்வாளி அணைக்காது. போன பட்டாசு சீசனில், கம்பெனித் தீயில் வெந்த நம் ஊர்ப் பெண் பத்திரகாளியை லோடு ஆட்டோவில் கிடத்தி வாழையிலை போர்த்திக் கொண்டுபோனதை நீயும் வந்து பார்த்தாய். அவள் பிழைத்தது நம் சாமர்த்தியம் இல்லை. இதையெல்லாம் துணைக் கேள்வியாகக் கேட்கத்தான் உனக்கு ஓட்டுப் போட்டோம்.

சரி, நீ உட்கார்ந்துவிட்டாய், நான் உட்காரவில்லை. மறுநாளே மந்தைத் திடலில் ஊரைக் கூட்டினேன். இனி ஊரில் தீப்பிடித்தால் வண்டி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிறவரைக்கும் ஒருத்தரும் அணைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டேன். நீ சிரிக்காதே, அரசாங்கம் பதிவு கேட்டால் பதிவு கொடுக்க வேண்டும் அல்லவா. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி, அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சமா, "பெரியப்பா, மொதல்ல யாரு வீடு எரியணும்னு சீட்டுக் குலுக்கிருவமா?" என்றாள். காளீஸ்வரன், "எதுக்குச் சீட்டு? தீர்மானம் போட்டவுக வீட்டுலருந்தே ஆரம்பிக்கட்டும்" என்றான். கூட்டம் அத்தோடு சிரிப்பில் கலைந்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம்தான்.

அப்போதுதான் உன் கட்சிக்காரர்கள் விருதுநகரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எதற்கு? நீ கேள்வி கேட்டதைக் கொண்டாடுவதற்கு! பதில் என்ன என்று அவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. 'பேரவையை அதிரவைத்த சிங்கமே' என்று ஃபிளக்ஸ் வேறு. நம் ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. நாள் முழுக்க அதோடு கிடக்கிறவர்களுக்கு அதன்மேல் ஆசை வராது, பயம் கலந்த மரியாதைதான் வரும். தீபாவளிக்குக்கூடப் பிள்ளைகள் கண்மாய்க்குள் போய்த்தான் கொளுத்தும். இவர்களோ சரவெடியைப் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வாசல்வரை பாய் விரிக்கிற மாதிரி விரித்தார்கள். "தாய்மாமனுக்கு மரியாத, அய்யா" என்றார்கள். வேண்டாமய்யா என்று நான் கத்தியதை வாழ்த்து என்று நினைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். ஒரு வெடி துள்ளி என் வைக்கோல் படப்பில் விழுந்தது.

ஊரே குடமும் வாளியுமாக ஓடி வந்தது. பாண்டிச்செல்வி இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "நில்லுங்க எல்லாரும்! பெரியப்பா போட்ட தீர்மானம் இருக்குல்ல!" அவ்வளவுதான், அத்தனை பேரும் நிறைகுடத்தோடு நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள், என் படப்பு எரிகிறது. நான் போன் போட்டேன். எதிர்முனையில் பேசியவர் ஊர்ப்பேரைக் கேட்டுவிட்டு, "அங்கனயிருந்து யாரும் கூப்பிட்டதே இல்லியே, நெசமாத்தான் சொல்லுதீகளா?" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எரிவதை அவருக்கு எப்படிக் காட்டுவது? போனைத் தீக்கு நேராகப் பிடித்தேன். சடசடவென்ற சத்தத்தைக் கேட்டு நம்பிவிட்டார், வண்டி கிளம்பியது. நானும் அசையாமல் நின்றேன், பதிவுக்காக. உன் அத்தை, "ஏய்யா, படப்பு போனாப் போகுது, காத்து திரும்புது பாரும்யா!" என்று அலறினாள். பார்த்தேன். பொறி பாண்டிச்செல்வியின் ஓலைக் கூரைப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. அத்தனை வாய் பேசுகிற பிள்ளை, "பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மருமகனே, என் கை என்னைக் கேட்கவில்லை. வாளி எப்போது கைக்கு வந்தது, எப்போது மண்ணை வீசினேன் எதுவும் தெரியாது. என் வாளி போனதும் ஊர்க்குடம் அத்தனையும் போனது. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் புகைகூட இல்லை. உன் கட்சிக்காரர்கள் வேனுக்குள் இருந்தார்கள்.

பிறகு வண்டி வந்தது, மணியடித்துக்கொண்டு, அத்தனை அழகாக. அதிகாரி இறங்கி, "தீ எங்கய்யா?" என்றார். அணைத்துவிட்டோம் என்றேன். "அப்பறம் எங்கள எதுக்குக் கூப்பிட்டீக?" எழுதிக்கொண்டு போங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல மனிதர், எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? 'ஊராரே அணைத்துவிட்டனர். துறையின் சேவை தேவைப்படவில்லை.' பத்து வருடமாக வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் கொடுத்துவிட்டார்! போகும்போது என் தோளைத் தட்டி, "ஒங்க ஊருக்கு நாங்க எதுக்குங்கய்யா?" என்று பாராட்டு வேறு. எனக்கு இது இரண்டாவது அதிர்ச்சி. காளீஸ்வரன் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தான்.

ஆகவே உத்தரவு போடுகிறேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து நில். ஒருத்தரையும் வாழ்த்தாதே. எத்தனை தீ பிடித்தது என்று கேட்காதே, எத்தனை தீயை யார் அணைத்தார்கள் என்று கேள். கம்பெனிக்கு அனுமதி கொடுத்தீர்களே, வண்டிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேள். 'தேவை எழவில்லை' என்றால் உட்காராதே. வெளியே தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை, பஸ் ஏறி வா, உன் அத்தை கோழி அடித்துப் போடுவாள். மறுபடி நன்றி சொன்னாயானால் என் வீட்டில் உனக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. பத்திரகாளி அம்மன் உனக்கு நாவன்மை கொடுக்கட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. தங்கையிடம் கால்வலித் தைலத்தை விடாமல் தடவச் சொல்.

இப்படிக்கு,
உட்காராத தாய்மாமன்,
ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அந்த அதிகாரியே வந்துவிட்டார். பத்தாண்டாகத் துறையின் சேவையே தேவைப்படாத ஊர் என்று நமக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்களாம். அமைச்சரே நேரில் வருகிறாராம், நீயும் மேடையில் இருப்பாயாம். கேடயத்தை வாங்கமாட்டேன் என்று சீறினேன். அவர், "அய்யா, அமைச்சர் வந்தா ஒரு தீயணைப்பு வண்டி நாள் முழுக்க இங்கனயே நிக்கணும், அது விதி" என்றார். எனக்கு மூன்றாவது அதிர்ச்சி, ஆனால் இது நல்ல அதிர்ச்சி. ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. சட்டமன்றத்தில் எதுவும் கேட்காதே. நன்றி சொல்லு, வாழ்த்து, அமைச்சரை வாரம் ஒருமுறை இங்கே கூட்டி வா. என் பேரனுக்குக் காதுகுத்து பாக்கியிருக்கிறது, முனியராஜ் வீட்டுக்குப் பால்காய்ச்சு, காளீஸ்வரன் கடையில் புதுப் பெஞ்சு திறப்பு, சீசன் முடியும்வரை தாங்கும். மந்தையில் வண்டி நிற்கத் தகரக் கொட்டகை போட்டுவிட்டோம். "அமைச்சரு எம்புட்டு நாளைக்கு வருவாரு, பெரியப்பா? பேசாம டிரைவருக்கு நம்ம ஊர்லயே பொண்ணக் கட்டிவச்சிருவோம்" என்கிறாள் பாண்டிச்செல்வி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உனக்கு இனி ஒரே ஒரு வேலை. சிவகாசி நிலையத்தில் டிரைவர்களில் யாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்து எழுது. இந்தக் கேள்வியையாவது பதில் வாங்கிக்கொண்டு உட்கார்.