பானெட் மேல் சம்பந்தி

எனக்குப் பயம் என்பதே போய்விட்டது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். பல்வலி போய்விட்டது, சளி போய்விட்டது என்று சொல்வோமே, அதுபோல. கேட்டவர்களிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொன்னேன்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் எனக்குக் காபித்தூள், மிளகு விற்கிற கடை. மழை பிடித்துக்கொண்டால் கடையில் நானும் தராசும் மட்டும்தான். அப்படியொரு மழைக்கு முன்னால், ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மூட்டை மூட்டையாகப் புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். படித்தவர்கள் பார்வைக்குக் கடை கௌரவமாக இருக்கட்டும் என்று ஒரு மூட்டையை வாங்கி அலமாரியில் அடுக்கினேன். எல்லாம் தத்துவம். கிரேக்கம், சீனம், புத்தம், நம்மூர் வேதாந்தம், எல்லாம் தமிழில். வேறு வேலை இல்லாத குறைக்குப் படிக்க ஆரம்பித்தவன், நாலாவது புத்தகத்தில் ஞானியாகிவிட்டேன். (கொஞ்சம் மெல்லிய புத்தகங்கள்.)

எல்லா ஞானிகளும் ஆளுக்கொரு விதமாக ஒரே விஷயத்தைச் சொல்வதாக எனக்குப் பட்டது. பயம் வெளியே இருக்கிற பொருளில் இல்லை, பார்க்கிறவன் மனசில்தான் இருக்கிறது. அடடா, இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கே பயத்தை விட்டுவிட்டேன். கூடவே தினமும் மத்தியானம் மௌன விரதம். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்கமாட்டேன். என் மனைவி செல்வி மட்டும் இதில் மயங்கவில்லை.

"ஏனுங்க, பயம் போனது இருக்கட்டும். தண்ணி டேங்க் ஓட்டையாகி மூணு மாசமாச்சு. அது எப்பப் போகுமுங்க?"

வீடு வாழவந்தி போகிற ரோட்டை விட்டு விலகி, ஒரு மண்பாதையில் மேலே ஏறவேண்டும். அவள் நச்சரிப்பு தாங்காமல் சேலத்தில் புது டேங்க் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, வழக்கம்போல மறந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் யாழினியின் கல்யாணப் பேச்சு. அவளும் பிரபுவும் சேலத்தில் ஒரே ஆபீஸில் வேலை செய்கிறார்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போய் எங்களிடம் சொல்லியும் விட்டார்கள். பையனின் அப்பா துரைசாமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மட்டும் பிடி கொடுக்கவில்லை. "நேர்ல வந்து ஊட்டையும் மனுசரையும் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார். அவரும் தத்துவம் படிக்கிறவராம். உடம்பு பொய், உலகம் பொய் என்று காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாராம்.

எனக்குக் கொண்டாட்டம். யாழினிக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, எனக்காக ஒரே ஒரு ஒத்தாசை செய்யுங்கப்பா. அவங்க இருக்கற வரைக்கும் பேசாம இருங்க."

"ஏன் கண்ணு, நான் அவர் அலைவரிசைல பேசுனா அவருக்குப் பிடிக்குமே."

"பிடிக்கலீன்னா என் வாழ்க்கைங்கப்பா" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. நானும் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர்கள் பஸ்ஸில் ஏறி வந்தார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் பழைய காரில் ஏற்றிக்கொண்டேன். துரைசாமி ஐயா வெள்ளை வேட்டி சட்டையில் முன் சீட்டில். அவர் மனைவி ருக்மணியம்மா மடியில் பழத்தட்டுடன் பின் சீட்டில். ஏரியைத் தாண்டுகிற வரைக்கும் வாக்கைக் காப்பாற்றினேன்.

பனிமூட்டம் இறங்கிவிட்டது. வைப்பர் போட்டும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தப் பக்கம் காட்டெருமை வருமாமுங்களே?" என்று கேட்டார் துரைசாமி ஐயா.

அங்கே ஆரம்பித்தேன். காட்டெருமை வரும், அது நம்மைவிடச் சாது, பயப்பட வேண்டியது எருமைக்கு அல்ல, நம் மனசுக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "கரெக்டா சொன்னீங்க. இந்த உடம்பே பொய்யிங்க. அதை எது முட்டினா என்ன?" என்றார். பின்னாலிருந்து ருக்மணியம்மாவின் பெருமூச்சு கேட்டது. அது ஆமோதிப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பேசினேன்.

எங்கள் மண்பாதை பிரிகிற இடம் நெருங்கியது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்று துரைசாமி ஐயா சுண்டுவிரலைக் காட்டினார். நிறுத்தினேன். அவர் இறங்கி, ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போனார்.

அப்போதுதான் பனி கொஞ்சம் விலகியது.

பாதையின் முகப்பில், ரோட்டோரம் அது நின்றுகொண்டிருந்தது. கன்னங்கரேலென்று, என் கார் உயரத்துக்கு. மேலே இரண்டு பக்கமும் வளைந்து நிமிர்ந்த கொம்பு. காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல இருக்கும். இதற்கும் கீழே வெள்ளை. சுற்றிலும் புகைபுகையாக மூச்சு.

இங்கே எங்கள் மலை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காட்டெருமை வழியில் நின்றால் ஹாரன் அடிக்கக்கூடாது, லைட்டை அணைத்துவிட்டு, அதுவாக நகர்கிற வரைக்கும் அசையாமல் காத்திருக்கவேண்டும். நான் லைட்டை அணைத்தேன். இன்ஜினை அணைத்தேன். கண்ணாடிகளை ஏற்றினேன். நாலு கதவையும் பூட்டினேன். (கதவைப் பூட்டுவது வழக்கத்தில் இல்லை. அது என் சொந்தச் சேர்க்கை.)

துரைசாமி ஐயா வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். கார் இருட்டாக இருப்பதைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார். ஓடிவந்து கதவை இழுத்தார். திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினார். நான் வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினேன்.

"ஏனுங்க, அவரு வெளிய நிக்கறாருங்க" என்றார் ருக்மணியம்மா.

"தெரியுமுங்க."

"கதவைத் தொறந்தா உள்ள வந்துருவாருங்களே."

"தொறந்தா சத்தம் வருமுங்க."

"அவரு தட்டற சத்தத்தை விடவுங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் என் கை (என் கை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்) நான் சொன்னதைக் கேட்கவில்லை. படித்த புத்தகம் ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்தேன். அட்டைப் படங்கள் மட்டும் ஞாபகம் வந்தன.

துரைசாமி ஐயா தட்டுவதை நிறுத்தினார். ஒரு காலை பம்பரில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அடுத்து நான் பார்த்தபோது என் கண்ணாடிக்கு நேர் முன்னால், பானெட் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பு கீழே கிடந்தது. பார்க்க தியானம் மாதிரிதான் இருந்தது. பானெட் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

எருமை அசையவில்லை. காது ஆடவில்லை, வால் ஆடவில்லை. நான் இந்தப் பிறவியில் எட்ட நினைத்த நிலையை அது எட்டிவிட்டிருந்தது.

ருக்மணியம்மா போனை எடுத்து யாழினியைக் கூப்பிட்டார். பதற்றமே இல்லாமல், காய்கறி விலை கேட்பதுபோலப் பேசினார்.

"கண்ணு, நாங்க உங்க ஊட்டுக்குக் கீழதான் இருக்கறோம். உங்கப்பா எங்கூட்டுக்காரரை வெளிய விட்டுப் பூட்டிக்கிட்டாரு. ஆமா சாமி, வேணும்னுதான். முன்னால ஒரு காட்டெருமை நிக்குதாம். இரு, நீ வராத."

கல்யாணம் போச்சு என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. எருமையைவிட அது பெரிய பயமாக இருந்தது. அதற்குக் கூட கை அசையவில்லை.

வராதே என்றாலும் வந்துவிட்டாள். மேலேயிருந்து டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி இறங்கியது. நேராக எருமையை நோக்கி நடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டொம், டொம், டொம் என்று மூன்று சத்தம்.

கண்ணைத் திறந்தால், யாழினி எருமையின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்கப்பா, இது நீங்க வாங்குன தண்ணி டேங்க்" என்று கத்தினாள்.

லாரிக்காரர் மண்பாதையில் ஏறமுடியாமல் மத்தியானமே அங்கே இறக்கிவைத்துவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் மௌனத்தில் இருந்திருக்கிறேன். கொம்பு என்பது மேலே கட்டிவைத்த வளைந்த பைப்புகள். சாக்ஸ் என்பது ரோட்டோரத்து வெள்ளையடித்த கற்கள். மூச்சு என்பது பனி.

வீட்டுக்குப் போனோம். செல்வி காபி கொடுத்தாள். துரைசாமி ஐயா ஒற்றைச் செருப்போடு வந்தவர், டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழினி சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ருக்மணியம்மாதான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இவரு உடம்பு பொய், உடம்பு பொய்யின்னு சொல்லி என் உசுரை எடுத்துட்டு இருந்தாருங்க. இன்னைக்கு அந்தப் பொய்யத் தூக்கிட்டுப் போயி பானெட் மேல பத்தரமா வெச்சுக்கிட்டாரு. இனிமே எங்கூட்டுல அந்தப் பேச்சு இருக்காது. எனக்கு இந்தச் சம்பந்தம் நொம்பப் புடிச்சிருக்குதுங்க."

துரைசாமி ஐயா மெதுவாகத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் பயமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அதில் பெரிய ஆறுதல்.

புத்தகங்களை நான் எடைக்குப் போடவில்லை. அவற்றில் பிழை இல்லை. பயம் டேங்கில் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்பது எழுத்துக்கு எழுத்து சரி. மறுபடி நிதானமாகப் படித்தபோது வேறொன்றும் தோன்றியது. பயத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவர்கள் நன்றாகப் பயந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். பயமில்லாதவனுக்கு எழுத என்ன இருக்கிறது?

கல்யாணம் நடந்தது. டேங்க் மேலே ஏறியது. மாப்பிள்ளை அதன்மேல் பெயின்ட்டில் இரண்டு கண் வரைந்துவிட்டார். சம்பந்தி எப்போது வந்தாலும் காரில் ஏறுவதற்கு முன் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை என்னையே சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன். என் கதையில், டேங்க் என்று தெரிந்த அடுத்த நொடி நான் கதவைத் திறந்து, சம்பந்தியைக் கைத்தாங்கலாக இறக்கிவிடுவேன்.

நடந்தது அப்படியில்லை. யாழினி தட்டிக் காட்டிய பிறகும், டார்ச் அடித்து மூடியைத் திருகிக் காட்டிய பிறகும், நான் திறக்கவில்லை. ருக்மணியம்மா பழத்தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின் சீட்டிலிருந்து கையை நீட்டி முன் கதவைத் திறந்தார்.