பதில் பேசாத மெஷின்

“ஹால் லைட் ஆன்!” என்றார் கண்ட்ரோலர்.

லைட் எரியவில்லை. எதிர்வீட்டு வக்கீல் மட்டும் சோபாவில் கொஞ்சம் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஹால் லைட்... ஆன்!”

“தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும் சார்” என்றார் வக்கீல். “லைட்டுக்குத்தான் கேக்கலை போல.”

கண்ட்ரோலர் என்பது அவர் பெயரல்ல, பார்த்த உத்தியோகம். பஸ் டிப்போவில் அவர் விசிலை வாயில் வைத்தால் போதும், குட்டித் தூக்கம் போடுகிற டிரைவர்கூட அலறியடித்துக்கொண்டு கியரைப் போடுவார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் பேச்சைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அது வீட்டுக்காரம்மா.

“இந்தா, லைட்டைப் போடு.” “இந்தா, ஃபேனைக் குறை.” “இந்தா, டிவியைப் போடு.” இப்படிக் காலையில் ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயாது. இத்தனைக்கும் சுவிட்ச் சோபாவுக்குப் பின்னாலேயே, கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. மனுஷன் நீட்டினால்தானே!

ஒருநாள் வீட்டுக்காரம்மா கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்து நின்றார்.

“என்னங்க, நான் இந்த வீட்ல பொண்டாட்டியா, இல்ல சுவிட்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க.”

“இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?”

“கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. தங்கச்சி வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். திரும்பி வரணும்னு எப்பத் தோணுதோ அப்ப வர்றேன்.”

‘போகாதே’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த வாய் உத்தரவு போட்டே பழகியது. “தாராளமா போயிட்டு வா. எனக்கென்ன குறைச்சல்? சொன்னதைச் செய்யற மெஷின் ஒண்ணு வாங்கி மாட்டிக்கறேன்” என்று சொல்லித் தொலைத்தது. வாய் வாக்குக் கொடுத்துவிட்டால் மனுஷன் கடைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று நாம் சொன்னால் இனிமையான குரலில் பதில் சொல்லுமாம், கேட்டால் ஜோக்கும் சொல்லுமாம்.

“பதில் சொல்றதுக்கு வீட்ல ஆள் இருக்கு. பேசாம வேலையைப் பாக்கறது எதுவோ அதைக் குடுங்க” என்றார் கண்ட்ரோலர்.

அவர் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் கடைக்காரர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஹாலில் சுவிட்ச் இருந்த இடத்தில் வெறும் பலகை. எல்லா சுவிட்சும் சமையலறை வாசலுக்கு உட்புறம் ஒரே போர்டாக மாறியிருந்தது. ஹால் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதைப் பார்த்த கையோடு கண்ட்ரோலர் வக்கீலைக் கூட்டிவந்துவிட்டார். இப்போது மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

“விடுங்க சார், நான் வேணா போய் சுவிட்சைப் போட்டுட்டு வர்றேன்” என்று வக்கீல் எழுந்தார். அவர் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும் கண்ட்ரோலருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பெட்டியின் பக்கம் திரும்பி, கெஞ்சாத குறையாக முணுமுணுத்தார்.

“எரிஞ்சுடேன்மா... மானம் போகுது.”

பளிச்சென்று லைட் எரிந்தது.

வக்கீல் வாயைப் பிளந்தார். கண்ட்ரோலருக்கும் பிளக்க வேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் கௌரவம் தடுத்தது. “பாத்தீங்களா?” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள்தான் தலைவலி ஆரம்பித்தது. “ஃபேன் ஆன்!” என்றால் ஃபேன் மசியவில்லை. “ஃபேனைப் போடும்மா” என்றால் சுற்றியது. “சீக்கிரம்!” என்று சேர்த்தால் நின்றது. வக்கீலிடம் ஓடினார்.

“இப்ப வர்றதெல்லாம் தொனியைக் கவனிக்கிற மெஷின் சார். அதட்டினா சாட்சியே பேசமாட்டான், இது மட்டும் கேக்குமா? தன்மையா கேளுங்க” என்றார் வக்கீல், எல்லாம் தெரிந்தவர்போல.

தன்மையாகக் கேட்டார். ஆனால் மிக்ஸி ஓடும்போது மெஷினுக்குக் காது கேட்கவில்லை. சமையலறைச் சத்தம்தான் குழப்புகிறது என்று எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினார். சாத்தியதும் மெஷின் அடியோடு படுத்துவிட்டது. “வைஃபை பெட்டி ஃபிரிட்ஜ் மேலதானே இருக்கு? கதவைச் சாத்தினா சிக்னல் எப்படி வரும்?” என்றார் வக்கீல். கதவைத் திறந்தார். பிறகு, வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் தேவலை என்று சோபாவைச் சமையலறைக்கு எதிர்க்கோடிச் சுவர்வரை தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அங்கிருந்து சொன்னால் பாதிக்குப் பாதிதான் நடந்தது. முனகிக்கொண்டே பழைய இடத்துக்கு இழுத்தார்.

அன்று டிவியில் மேட்ச். கடைசி ஓவர். வர்ணனை காதைப் பிளந்தது.

“சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுடும்மா.”

டிவியே அணைந்தது.

“அடிப்பாவி!” என்று கத்தினார்.

ஃபேனும் அணைந்தது. லைட்டும் அணைந்தது. இருட்டில் துண்டால் விசிறிக்கொண்டு பார்த்தார். வியர்வை கழுத்தில் இறங்கியது.

“சரி, தெரியாம வந்துடுச்சு. மன்னிச்சுக்கோ.”

லைட் வந்தது, ஃபேன் வந்தது, டிவி வந்தது. மேட்ச்தான் முடிந்துவிட்டிருந்தது. கல்யாணமான நாளாக அந்த ஹாலில் ‘மன்னிச்சுக்கோ’ என்ற வார்த்தை புழங்கியது அன்றுதான் முதல் தடவை.

“யார்கிட்டங்க பேசறீங்க?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“மெஷின்கிட்ட.”

“அதானே! என்கிட்டயோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.”

எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார். “வந்துடறேன் சார், இதோ வந்துடறேன்” என்றார் அவர். எந்த எலக்ட்ரீஷியன்தான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்?

ஆனால் பாருங்கள், நாளாக நாளாகக் கண்ட்ரோலருக்கு அந்த மெஷின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. லைட் போட்டால் “ரொம்ப நன்றிம்மா” என்றார். மதியத் தூக்கத்துக்கு முன் “நீயும் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார். மெஷினும் இப்போதெல்லாம் சொன்ன வார்த்தை முடியும் முன்பே வேலையை முடித்தது. ஒருநாள் ஆர்வம் தாங்காமல் “நீ இல்லேன்னா என் பாடு திண்டாட்டம்தான்” என்றார். ஃபேன் ஒரு சுற்று அதிகமாகவே சுற்றியது.

இதற்கிடையில் அறையில் வீட்டுக்காரம்மாவின் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றே கண்ட்ரோலர் அறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. சமையலறையில் வீட்டுக்காரம்மா பயணத்துக்கு ஏதோ பொட்டலம் கட்டுகிற சத்தம். கண்ட்ரோலர் சோபாவில் உட்கார்ந்து சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“நாளைக்கு அவ கிளம்பறாம்மா. நான்தான் பெரிய இவனாட்டம் போயிட்டு வான்னு சொல்லிட்டேன். நீ இருக்கேங்கற தைரியம். ஆனா நீ என்ன பண்ணுவே? லைட்டைப் போடுவே. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுக் கிளம்பினா வாசல்ல நிறுத்தித் திட்டுவியா?”

மெஷின் வழக்கம்போல் பதில் பேசவில்லை.

“எனக்கு லைட் எரியறதா பெரிசு? டிப்போல நாள் பூரா நூறு பேர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. இப்ப ஒரு போன் வர்றதில்ல. நான் ‘இந்தா’ன்னா ஒருத்தி ‘என்னங்க’ன்னு கேப்பா பாரு, அதுக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்னு இந்த மடையனுக்கு உறைக்கவே இல்ல. உன்னைக் கெஞ்சிக் கெஞ்சித்தான் எனக்கே புரிஞ்சுது.”

சோபாவில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“‘என்னையும் கூட்டிட்டுப் போயேன்’னு ஒரு வார்த்தை. உன்கிட்ட வருது, அவகிட்ட வரமாட்டேங்குது. நீதான் ஏதாவது பண்ணணும்.”

பொட்டலம் கட்டுகிற சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஹாலில் நன்றாக இருட்டிவிட்டது. லைட் கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

லைட் தானாகவே எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுந்து வந்தபோது, ஹாலில் வீட்டுக்காரம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பை இருந்தது.

“உங்க சட்டை வேட்டியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். ஷேவிங் சாமானை மட்டும் நீங்களே வச்சுக்குங்க” என்றார் வீட்டுக்காரம்மா.

“எனக்கெதுக்கு?”

“தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லையாம். உங்களையும் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு. வர்றீங்களா, இல்ல மெஷினோடயே குடித்தனம் நடத்தப் போறீங்களா?”

கண்ட்ரோலர் குனிந்து அந்தப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“வர்றேன்... வர்றேன்மா. ரொம்ப நன்றி.”

வீட்டுக்காரம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அடுப்பில் ஏதோ பொங்குவதாகச் சொல்லிக்கொண்டே போனார். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை.

கண்ட்ரோலர் சுவரருகே போய் அந்த வெள்ளைப் பெட்டியை வாஞ்சையாகத் தடவினார். “கெட்டிக்காரி! எப்படிம்மா சாதிச்சே?” என்றார். கண் கலங்கியிருந்தது. அதே நேரம் வாசல் மணி அடித்தது.

எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார், கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“நல்ல நேரத்துல வந்தீங்க, ஆனா தயவுசெஞ்சு அதுமேல மட்டும் கை வச்சுடாதீங்க” என்றார் கண்ட்ரோலர். “கொஞ்சம் கோபக்காரி. அதட்டினா பிடிக்காது. மத்தபடி தங்கம். வாயைத் திறக்காமலேயே மனசுல இருக்கறதைப் புரிஞ்சுக்கறா. இப்படி ஒரு மெஷினை நான் பாத்ததே இல்ல!”

எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்தார். கண்ட்ரோலரைப் பார்த்தார். கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை.

“சார், அன்னிக்கு நான் சுவத்துல மாட்டிட்டுப் போனது வெறும் கூடுதானே, மெஷினே இப்பத்தான் வந்திருக்கு... அம்மா உங்ககிட்ட சொல்லலையா?”