லிண்ட்கார்டுக்கு ஒரு நிமிடம்

ஒரு நிமிட மௌனம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

மாரித் கண்ணாடிக்கு இன்னும் அருகே மூக்கைக் கொண்டுபோனாள். பால்கனிக்கும் மேலே இருந்த அந்தச் சின்னக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால், அரங்கு முழுக்கக் குனிந்த தலைகள். மேடையில் ஒற்றை விளக்கு. அதற்கு முன்னால் உயரமாக, ஒல்லியாக ஒரு மனிதர். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை.

"தலைவர் மறந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"வயசானவரும்மா. கண்ணை மூடினா திறக்க நேரமாகும்." விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் டோர்கெல், சின்னப் புகையிலைப் பொட்டலம் ஒன்றை மேலுதட்டுக்குள் தள்ளிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இந்த மாதிரி தலைவருங்க எப்பவும் வெளிச்சத்தை விட்டுத் தள்ளித்தான் நிப்பாங்க. இவர் சரியான எடத்துல நிக்கிறாரு பாரு."

ஆர்விட் லிண்ட்கார்ட் பிறந்து இன்றோடு நூறு வருடம். இறந்து இருபது வருடம். சினிமாவிலும் நாடகத்திலும் அவரைப் போல ஒரு இயக்குநர் ஸ்வீடனுக்கு இனி வாய்க்கமாட்டார் என்று பாடப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அவர் படங்களில் ஆட்கள் பேசுவதைவிடப் பேசாமல் நிற்பதுதான் அதிகம். பிறந்த ஊர் என்பதால் விழா இங்கே, அவர் முதல் நாடகம் போட்ட இதே அரங்கில்.

நிகழ்ச்சி எளிமையானதுதான். நினைவுச் சங்கத் தலைவர் ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் வருவார். ஒரு நிமிட மௌனம் கேட்பார். நன்றி சொல்வார். பிறகு நடிகை இல்வா, லிண்ட்கார்டின் கடிதங்களை வாசிப்பார். எல்லாம் வானொலியில் நேரடியாகப் போகும்.

தலைவரோடு மாரித் தொலைபேசியில்தான் பேசியிருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து மெதுவாகப் பேசுபவர். ஆனால் மேடைக்கு வரலாம் என்று சொல்லும் சைகை விளக்கை அவள் போடுவதற்கு முன்பே விறுவிறுவென்று மேடைக்கு வந்து, "லிண்ட்கார்டுக்காக. எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். அவ்வளவுதான்.

மாரித்தின் தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. அரங்க நிர்வாகி முன்வரிசையில் நிற்கிறார். மேடையில் எது எப்போது நடக்க வேண்டும் என்பது அவள் பொறுப்பு. இன்று சொதப்பினால் மறுபடியும் மீன்பண்ணையில் தண்ணீர் சோதிக்கும் வேலைதான். யாரோடும் பேச வேண்டாம் என்பதால் அந்த வேலை முன்பு பிடித்திருந்தது. இருட்டில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு உலகமே எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகு பிடிக்கவில்லை.

சைகை விளக்கை மூன்று முறை சிமிட்டினாள். அந்த மனிதர் அசையவில்லை.

"வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க. முடிஞ்சிடுச்சுன்னு புரிஞ்சுக்குவாரு."

டோர்கெல் குறைத்தார். அரங்கில் இருந்த தலைகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின. யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"அழறாங்க," என்றார் டோர்கெல். "நல்லா வேலை செஞ்சே போ."

தொலைபேசி மினுக்கியது. வெளியே நின்ற வானொலி வண்டியிலிருந்து.

"என்னம்மா நடக்குது அங்க? சத்தமே இல்லாம இருந்தா எங்க மெஷின் தானா பாட்டுப் போட்டுடும். போட்டுடுச்சு! நாடு முழுக்க இப்ப அக்கார்டியன் ஓடுது. லிண்ட்கார்டுக்குப் பிடிக்காத ஒரே வாத்தியம்! ஏதாவது சத்தம் குடு!"

"என்ன சத்தம்?"

"எதுவா இருந்தாலும் பரவால்ல!"

டோர்கெல் பழைய நாடகம் ஒன்றின் காற்றுச் சத்தத்தைத் தேடி எடுத்துப் போட்டார். மெல்லிய ஊளை அரங்கின் மேலிருந்து இறங்கியது. கீழே ஆட்கள் கழுத்துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டார்கள். மாரித்துக்கும் முழங்கால்வரை குளிர்ந்தது. அறையின் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

மறுபடி தொலைபேசி. வானொலிக்காரரின் குரல் கரகரத்தது. "நிறுத்திடாதே! எங்க மேலதிகாரி வீட்டுல உக்காந்து அழறாராம். நேயர்கள் போன் மேல போன். செய்தி வரைக்கும் இப்படியே ஓட்டு."

"செய்தி எப்போ?"

"எட்டு மணிக்கு."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கே! அதுக்குள்ள இங்க பாதிப் பேர் கீழ விழுந்துடுவாங்க!"

"சத்தம் நல்லா பதிவாகும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மையிலேயே ஆடத் தொடங்கியிருந்தார்கள். நான்காவது வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் நின்ற பெண்மணியின் தோளைப் பிடித்தார். அவர் அடுத்தவரைப் பிடித்தார். முன்பின் தெரியாதவர்கள் வரிசை வரிசையாக ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த ஊரில் தீப்பிடித்தபோதுகூட அப்படி நடந்ததில்லை.

மாரித் மேடையின் பக்கவாட்டில் காத்திருந்த இல்வாவை, அரங்கில் கேட்காத உள் ஒலிவாங்கியில் கூப்பிட்டாள்.

"இல்வா, நீங்க போய் அவர் காதுல மெதுவா சொல்லுங்க. முடிச்சுக்கலாம்னு."

"நானா? மௌனத்துக்கு நடுவுலயா? ஒரு தடவை இருமினதுக்கு அந்த லிண்ட்கார்ட் மனுஷன் என்னை ரெண்டு மாசம் ஒத்திகைக்கே விடலை தெரியுமா?"

"அவர்தான் இப்ப இல்லையே."

இல்வா பெருமூச்சு விட்டார். பிறகு மேடையில் நடந்தார். அந்த மனிதரை நெருங்கினார். வாயைத் திறந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. இல்வா மெல்ல இரண்டடி பின்னால் வந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன இவங்களும் நின்னுட்டாங்க?"

டோர்கெல் கண்ணாடியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு மேடையை உற்றுப் பார்த்தார்.

"டோர்கெல்?"

"லிண்ட்கார்ட் கிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு," என்றார் மிக மெதுவாக. "மேடையில மௌனத்தை எவன் ஆரம்பிக்கிறானோ அவன்தான் முடிக்கணும். வேற யாரும் தொடக்கூடாது." தொப்பியைக் கழற்றினார். எழுந்து நின்றார். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

காற்றுச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பலகையைப் பார்த்தாள். பதிவு எப்போதோ முடிந்து, முள் சுழியத்தில் கிடந்தது.

தொலைபேசி மினுக்கியது. கோட்டு வாங்கி வைக்கும் இடத்திலிருந்து குன்பிரிட்.

"என்னடி, உள்ள எல்லாரும் செத்துட்டீங்களா? ஒரு சத்தம் இல்ல. இடைவேளைக்கு ஊத்தி வச்ச காபி ஆறிப்போச்சு. இலவங்கப்பட்டை பன்னை நானே ரெண்டு தின்னுட்டேன்."

"இப்ப முடிச்சிடறேன் குன்பிரிட்."

இனி அனுப்ப யாரும் மிச்சமில்லை. அரங்கு முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கியின் பொத்தான் அவள் முன்னால் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன்' சொல்லவே குரல் எழும்பாதவள் அவள். நிர்வாகி கீழே நிற்கிறார். நாடே கேட்கிறது. பேசினாலும் வேலை போகும், பேசாவிட்டாலும் போகும்.

அழுத்தினாள்.

"நன்றி," என்றாள். "எல்லாரும் உக்காரலாம்."

ஒருவரும் உட்காரவில்லை. மேடையில் இருந்த மனிதர் மட்டும் தலையை நிமிர்த்தினார். அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை வரிசைகளையும் பால்கனியையும் தாண்டி, நேராக இந்தக் கண்ணாடியைப் பார்த்தார். கோபம் இல்லை. வசனத்தை முந்திச் சொல்லிவிட்ட புது நடிகையைப் பார்ப்பது போல ஒரு பொறுமை. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பொறு.

மாரித்தின் கை தானாகப் பொத்தானை விட்டது. ஏனென்று தெரியாமலேயே எழுந்து நின்றாள். தலை குனிந்தது.

தொலைபேசி மறுபடி மினுக்கியது. குனிந்த தலையோடே எடுத்தாள்.

"மாரித், கதவைத் திறக்கட்டுமா?" என்றாள் குன்பிரிட். "ரயில் பனியில மாட்டிக்கிச்சாம், உங்க தலைவர் இப்பதான் வந்து கோட்டைக் கழட்டிக்கிட்டு நிக்கிறாரு, ஆரம்பிச்சுட்டீங்களான்னு கேக்குறாரு."