டாக்டருக்கு ஒரு ரூபாய் அதிகம்

கோச்சடை, மதுரை.
1937, அக்டோபர்.

மிகுந்த மரியாதைக்குரிய லாசர் மச்சான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஆனிமேரியின் புருஷனும் பஞ்சாலை ஹெட்கிளார்க்குமான கிறிஸ்துராஜ் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும், போன வாரம் கன்று ஈன்ற பசுவும் சுகம். வைகையில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் கொசுவும் வந்துவிட்டது. திண்டுக்கல்லில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்துபோனதில் சேதம் ஒன்றும் இல்லை என்று கேள்விப்பட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

நிற்க. மருமகப்பிள்ளை இண்டர்மீடியட் தேறிவிட்டான், அவனை டாக்டருக்குப் படிக்க வைக்கவா, இன்ஜின் வேலை படிக்க வைக்கவா, அல்லது பி.ஏ. முடித்து எங்காவது மானேஜராக உட்காரட்டுமா, எதில் சம்பளம் அதிகம், சம்பளப் பட்டியல் எழுதுகிற உங்களுக்குத் தெரியாததா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியை ஆடி மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் ஒரு கார்டிலேயே பதில் எழுதியிருப்பேன். மானேஜருக்கு இருநூறு, டாக்டருக்கு எழுபது, பாய்லர் பார்க்கிறவருக்கு நாற்பத்தைந்து, ஹெட்கிளார்க்காகிய எனக்கு ஐம்பத்தைந்து, முடிந்தது விஷயம். ஆனால் நடுவில் எங்கள் முதலாளி பம்பாய்க்குப் போய்வந்து விட்டார்.

பம்பாயில் எந்த மில்லைப் பார்த்தாரோ, அங்கே எல்லோருக்கும் 'கிரேடு' போட்டிருக்கிறார்களாம். யார் எவ்வளவு படித்தவர், யாருக்கு எவ்வளவு பொறுப்பு, யார் இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம், இதையெல்லாம் நிறுத்துப் பார்த்துச் சம்பளம். முதலாளி ரயிலை விட்டு இறங்கிய மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "ஓய் கிறிஸ்துராஜ், நம்ம மில்லுக்கும் கிரேடு போடும். மானேஜர், டாக்டர், பாய்லர்க்காரர், எல்லாத்துக்கும் நியாயமா எழுதும். ஆனா மொத்தத் தொகை மட்டும் இப்ப இருக்கிறதுக்கு மேல ஒரு பைசா போகப்படாது" என்று சொல்லிவிட்டார். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும் என்பது கணக்கில் சின்ன விஷயம்தான் மச்சான், ஆனால் குறைக்கப்படுகிறவர் தினமும் எதிரில் வந்து குட்மார்னிங் சொல்லும்போதுதான் அதன் பெரிசு தெரியும்.

விஷயம் சாயங்காலத்துக்குள் மில் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் எங்கள் மானேஜர் மலைச்சாமி, பி.ஏ., அவர் வழக்கமாக என்னைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பவர், அன்றைக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக் காப்பி வரவழைத்து, "மிஸ்டர் கிறிஸ்துராஜ், பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே, அதை எந்தத் தராசுல நிறுப்பீங்க?" என்று கேட்டார். டாக்டர் ஜெயக்கொடி, எல்.எம்.பி., நான் கேட்காமலே என் நாடியைப் பிடித்துப் பார்த்து ஒரு பாட்டில் டானிக் கொடுத்து, தாம் நாலு வருஷம் பிணத்தோடு பழகிப் படித்த படிப்பை ஆதியிலிருந்து சொன்னார். பாய்லர் நல்லகாமனுக்கு வாய் ஜாஸ்தி என்பது தங்களுக்குத் தெரியும், சர்க்கார் பரீட்சை எழுதிச் சர்டிபிகேட் வாங்கியவர் ஜில்லாவிலே தாம் ஒருவர்தான் என்பது போல நடப்பவர். அவர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, டாக்டரு தப்புப் பண்ணா ஒரு ஆளு போவான். மானேசரு தப்புப் பண்ணா ஒரு பேல் பஞ்சு போகும். நான் தப்புப் பண்ணேன்னு வையிங்க, இந்தக் கோச்சடையே அழகர்கோயில் பக்கம் போயி விழுந்துரும். அம்புட்டுதான், நான் வேற ஒண்ணும் கேக்கலை" என்று சொல்லி, கூட வந்த சம்சாரம் மாயக்காள் கையிலிருந்த சேவலைத் தங்கள் தங்கையிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சேவலைத் திருப்பி அனுப்பு என்றேன். அதற்குள் அது குழம்பாகிவிட்டது.

நானும் பட்டியல் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, மில்லில் காகிதம் தீர்ந்ததுதான் மிச்சம். படிப்பை வைத்து எழுதினால் நல்லகாமன் அடியில் விழுகிறார். ஆபத்தை வைத்து எழுதினால் மானேஜர் விழுகிறார். எதை வைத்து எழுதினாலும் ஹெட்கிளார்க் எங்கேயும் நிற்கவில்லை. அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் எனக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. ஒவ்வொருவரையும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவில் அனுப்புவது. அன்றைக்கு மில் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அதுவே அவருடைய கிரேடு. முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று என் முதுகில் தட்டினார். செலவில்லாத யோசனை எதுவானாலும் அவர் எழுந்து நின்றுவிடுவார்.

முதலில் டாக்டர் லீவு போட்டார். அன்றைக்கு மில்லில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை மச்சான்! தினசரி வயிற்றுவலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்கூட, சீட்டுக் கொடுக்க ஆளில்லாததால் வயிறு சரியாகி வேலை பார்த்தார்கள். முதலாளி ஆஸ்பத்திரி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல நாப்பது மூட்டை அடுக்கலாம் போலருக்கே ஓய்" என்றார். மறுநாளிலிருந்தே டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தால் போதும், பாதிச் சம்பளம் என்று தீர்ப்பாகிவிட்டது. டாக்டருக்கு நாலு பெண்கள், அதில் மூத்ததற்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார். சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "இம்புட்டு வருஷமா யாருக்கும் பெரிசா சீக்கு வராமப் பாத்துக்கிட்டேன் கிறிஸ்துராஜ். அதுதான் தப்பாப் போச்சு போல" என்றார். யோசனை உதித்த வழியிலேயே அது திரும்பிப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அடுத்தது மானேஜர். அவர் இல்லாத அன்றைக்குச் சங்கு நேரத்துக்கு ஊதியது, நூல் நேரத்துக்கு இறங்கியது, யாரும் யாரையும் வையவில்லை. பெண்கள் பகுதியில் பாட்டுக்கூடக் கேட்டது. முதலாளி இருநூறு, இருநூறு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். மறுநாள் வந்த மானேஜர் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தாமும் எதற்காவது உபயோகம் என்று காட்டியே தீரவேண்டும் என்ற நிலைக்கு அந்தப் பி.ஏ. படித்த மனுஷன் வந்துவிட்டார்.

அப்புறம் நல்லகாமன் லீவு. "அந்த ஆள் இல்லேன்னா என்ன, நான் ஓட்டிக் காட்றேன்" என்று மானேஜர் கோட்டைக் கழற்றிவிட்டு ஓர் இங்கிலீஷ் புஸ்தகத்தோடு பாய்லர் அறைக்குள் போனார். சர்டிபிகேட் இல்லாதவர் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி, "ஒரு நாளைக்கு என்ன ஓய்" என்றார். கரி அள்ளுகிறவர்கள் ரெண்டு பேரும் மரியாதையாக வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஆவியின் அழுத்தத்தைக் காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போனது. மானேஜர் புஸ்தகத்தில் பக்கம் புரட்டினார். முள் இன்னும் ஏறியது. அவர் ஏதோ ஒரு பித்தளைக் கைப்பிடியைத் திருகினார், சீறிக்கொண்டு வந்த ஆவி அவருடைய வலது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பதம் பார்த்துவிட்டது. அதே நேரம் ஆவி மிஞ்சினால் திறந்துகொள்வதற்கென்று மேலே இருக்கிற மூடி தானாகத் திறந்து, ஊர் கேட்க ஊத ஆரம்பித்தது. பெண்கள் பகுதி மொத்தமும் நூலோடு வெளியே ஓடியது. முதலாளி எனக்கு முன்னால் ஓடினார், அவருடைய சரீரத்துக்கு அந்த வேகம் ஆச்சரியம்.

நான் மட்டும் நிதானம் தவறவில்லை. சுட்ட புண்ணுக்கு மை ஊற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆபீஸ் மைக்கூட்டைக் கொண்டுவந்து மானேஜர் கையில் கவிழ்த்தேன். முழுக்கூடு, அன்று காலையில்தான் ரொப்பினது. அவர் அலறினது சூட்டுக்கா மைக்கா என்று தெரியவில்லை. அந்தச் சமயத்தில், தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும், வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. அதிலிருந்து டாக்டர், கோட்டும் பூட்ஸும் மாட்டி, கையில் பெட்டியோடு இறங்குகிறார்! அவருக்குப் பின்னால் நல்லகாமன்! தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார்களாம். நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார், ஊதல் நின்றது. வெளியே வந்து, "மானேசரய்யா, அது குளிக்கிற பைப்பு இல்லய்யா" என்றார். டாக்டர் மானேஜர் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்துப் போடற கைன்னு மையை நேராவே ஊத்திட்டீங்களா?" என்று கேட்டு, சுண்ணாம்புத் தெளிநீரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து, துணியை நனைத்துச் சுற்றி, வலி அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தம்முடைய பாதிச் சம்பளத்துக்கு யோசனை சொன்னவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அறைக்குள் வந்திருந்த பஞ்சு மூட்டைகளை முதலாளியே ஆள் விட்டு வெளியே தள்ளச் சொன்னார்.

மானேஜர் வீட்டில் படுத்துவிட்டார். முதலாளி, "நானே பாத்துக்கிறேன்" என்று மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான், அதுவரை மானேஜர் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. எடை குறைகிறது என்று விருதுநகர்ப் புரோக்கர் வந்து கத்தினார். கூலி குறைகிறது என்று பெண்கள் பகுதி வந்து கத்தியது. ஒரே அத்தையின் சாவுக்கு மறுபடியும் லீவு கேட்டு ஒருவன் அழுதான். முதலாளியின் சொந்த மைத்துனர் தம் பிள்ளைக்கு வேலை கேட்டு வந்து, இல்லை என்று சொல்ல ஆளில்லாமல் முதலாளியே இல்லை என்று சொல்லி, அதனால் முதலாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு வாரத்தில் அவருக்குக் கண்ணில் கருவளையம் விழுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "எல்லாவனும் நேரா எங்கிட்டயே வாரான் ஓய்!" என்றார். "இத்தனை நாளும் வந்தார்கள் ஐயா, நடுவில் மானேஜர் இருந்தார். அவர் லீவு போட்ட அன்றைக்கு, மறுநாள் வந்துவிடுவார் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்" என்று சமயோசிதமாகச் சொன்னேன். அவர் அன்றே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மானேஜர் வீட்டுக்கே போய்வந்தார்.

கடைசியில் கிரேடு இப்படி முடிந்தது. மொத்தத் தொகை கூடக் கூடாது என்ற பேச்சை முதலாளி தாமாகவே விட்டுவிட்டார். மானேஜருக்கு இருநூறு அப்படியே. டாக்டருக்குப் பாதியும் இல்லை கீதியும் இல்லை, எழுபத்தைந்து. நல்லகாமனுக்கும் எழுபத்தைந்து என்றார். டாக்டர் முகம் மாறியது. நாலு வருஷம் பிணத்தோடு படித்தவராயிற்றே. நான் நடுவில் புகுந்து டாக்டருக்கு ஒரு ரூபாய் கூட்டி எழுபத்தாறு என்று எழுதினேன். நல்லகாமன் சண்டைக்கு வருவார் என்று பயந்து போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "அந்த ஒத்த ரூவா அவரு கழுத்துல போட்டிருக்க குழாய்க்குண்ணே. இருக்கட்டும்" என்றார். எல்லாம் முடிந்த பிறகு முதலாளி பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்து, "உமக்கு எவ்வளவு போடலாம் ஓய்?" என்று கேட்டார். நான் அடக்கத்தோடு, "இருப்பதே போதும் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று பேனாவை மூடிவிட்டார்.

ஆகவே மச்சான், மருமகப்பிள்ளையை டாக்டருக்கே படிக்க வையுங்கள். பாய்லரைவிட ஒரு ரூபாய் அதிகம், மானேஜரைவிட ஏச்சுக் குறைவு. என் அனுபவத்தில், சமயத்தில் தோன்றுகிற புத்தியும் நிதானமும் இருந்தால் எந்த உத்தியோகத்திலும் பிழைக்கலாம் என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் தங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வரவேண்டும், மானேஜர் கையும் அதற்குள் வெளுத்துவிடும்.

தங்கள் அன்புள்ள,
கிறிஸ்துராஜ்.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் ஆனிமேரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பூசை முடிந்து வந்த வழியில் யோசனை உதித்தது வாஸ்தவம், ஆனால் உதித்தது தனக்கு என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. மானேஜர் பாய்லரில் கை வைத்தால் சுட்டுக்கொள்ளாமல் வெளியே வரமாட்டார் என்று மாயக்காள் ஆற்றில் துணி துவைக்கும்போது சொன்னாளாம். உடனே இவள், அன்றைக்கு டாக்டரைக் கோட்டும் பூட்ஸுமாக இருக்கச் சொல்லி, நல்லகாமனை அவர் வீட்டு வாசலிலேயே உட்காரச் சொல்லி, என் சட்டைப்பையிலிருந்து எட்டணா எடுத்துக் குதிரைவண்டியும் பேசி வைத்திருக்கிறாள். மானேஜரைப் பற்றி முதலாளியிடம் நான் சமயோசிதமாகச் சொன்னதும் முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டில் இவள் சொன்னதுதான். ஒரு ரூபாயும் இவள் கூட்டினது. ஆகையால் மேலே 'நான்' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'தங்கள் தங்கை' என்று மாற்றி வாசித்துக்கொள்ளக் கோருகிறேன். 'இருப்பதே போதும்' என்று சொன்ன இடத்தை மட்டும் மாற்ற வேண்டாமாம். அது முழுக்க முழுக்க நானே சொன்னது என்று எழுதச் சொல்லி, இப்போது பக்கத்திலேயே நிற்கிறாள்.