ஐந்து வாளி வெந்நீர்

பார்சிப்பனி, நியூஜெர்சி
பிப்ரவரி, திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. பசுபதி அவர்களுக்கு மாரிசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. பொள்ளாச்சியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி சாந்தாமணி, மகள் சண்முகப்ரியா, தங்கள் மகன் கவின், பேத்தி ஓவியா எல்லோரும் நலம். என் மானம் மட்டும் நலமில்லை. வாட்ஸ்ஆப்பில் எழுதலாம்தான். போன தடவை உங்களுக்கென்று அனுப்பியது குடும்பக் குழுவில் போய் விழுந்துவிட்டதால், இதைத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

விஷயம் அந்த பாய்லர்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் நான் சொன்னது நினைவிருக்கும். "உங்க பையன நல்லா ஏமாத்திட்டானுங்க சம்பந்தி. செவுத்துல மாட்டற பொம்மைய பாய்லர்னு தலைல கட்டிட்டானுங்க" என்றேன். தாங்களும் என் பேச்சை நம்பி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்ஜினியருக்குப் படிச்சு என்னடா பிரயோஜனம், ஒரு பாய்லர் பாத்து வாங்கத் தெரியல" என்று கேட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு போன் செய்வதில்லை, நீங்களும் செய்வதில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் போனைக் கையில் எடுப்பதும், பிறகு கவிழ்த்து வைப்பதும் எனக்குத் தெரிகிறது. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நவம்பரில் பழைய பாய்லரை எடுத்துவிட்டு, காம்பி பாய்லர் என்று ஒன்றை பேஸ்மென்ட்டில் மாட்டினார்கள். வீட்டையும் அதுவே சூடாக்கும், குழாய்க்கு வெந்நீரும் அதுவே தரும். தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தொட்டி கிடையாது, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுடவைக்கிற ஏற்பாடு. டிசம்பரில் நாங்கள் வந்து இறங்கி, பேஸ்மென்ட் அறையில் குடியேறினோம். சொல்லிவைத்தாற்போல் அந்த வாரமே காலையில் வெந்நீர் வெதுவெதுப்பாகிவிட்டது. மாப்பிள்ளை ஷவரில் நின்றால் இரண்டே நிமிஷத்தில் பல் கிட்டுகிறது என்றார். ப்ரியா தலைக்குக் குளிப்பதையே விட்டுவிட்டாள். என் கதை அதைவிட மோசம், ஒன்பது மணிக்கு நான் குளிக்கும்போது வாளித் தண்ணீர் ஐஸாக இருந்தது. வீட்டிலேயே அதிகமாகப் புலம்பியவன் நான்தான். திருப்பூர் சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவன், பழம் தின்று கொட்டை போட்டவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது என்று பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

டெக்னீஷியன் முதல் தடவை மத்தியானம் வந்தான். டோனி என்று பெயர், நல்ல மனுஷன். குழாயைத் திறந்து பார்த்தான், வெந்நீர் கொட்டியது. எந்தக் குறையும் இல்லை என்று போய்விட்டான். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஒளிந்துகொள்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். இரண்டாம் தடவை வந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். பனிக்காலத்தில் உள்ளே வருகிற தண்ணீரே உறைகிற நிலையில் இருக்கிறது, ஒரு சமயத்தில் ஒரு குழாய் என்று திறந்தால் நல்லது என்றான். நான் விடவில்லை. திரையில் நூற்றிருபது டிகிரி என்று காட்டியது. நூறிலேயே தண்ணீர் கொதித்துவிடுமே, நூற்றிருபதில் கை வைக்க முடியுமா, மெஷினே பொய் சொல்கிறது என்று அரைமணி நேரம் அவனுக்கு வகுப்பெடுத்தேன். இந்த ஊரில் ஃபாரன்ஹீட் கணக்கு என்று ஏழு வயசு ஓவியா வந்து சொன்னாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம்தான் உங்களுக்கு போன் போட்டேன்.

மூன்றாம் தடவை அவன் வந்தது போன வியாழக்கிழமை. எப்போது கோளாறு வருகிறதோ அப்போதே வந்து பார்க்கச் சொல்லி மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால், காலை ஆறரைக்கு வந்தான். அவன் வரப்போவது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை மேலே ஷவரைத் திறந்தார். டோனி பாய்லர் முன்னால் நின்று பார்த்துவிட்டு, ஷவருக்குப் போவதுபோல் இரண்டு மடங்கு தண்ணீர் ஓடுகிறதே, வேறெங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது என்றானாம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து பேஸ்மென்ட் குளியலறைக் கதவைத் தட்டினான். எனக்குத் தாழ் போடுகிற வழக்கமில்லை.

உள்ளே நான் துண்டும் பனியனுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி நான்கு வாளி நிறைய வெந்நீர். ஐந்தாவது நிறைந்துகொண்டிருந்தது. பக்கத்தில், சாந்தாமணி சாம்பார் வைக்கிற பெரிய குண்டா வரிசையில் காத்திருந்தது.

சம்பந்தி, தாங்கள் ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவர், உங்களுக்கு இது புரியுமோ என்னவோ. எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் தண்ணி வந்துவிட்டது என்று அர்த்தம், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம். இங்கே மேலே ஷவர் சத்தம் கேட்டதும் என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. பிடிக்கிறதுதான் பிடிக்கிறோம், வெந்நீராகவே பிடிப்போமே என்று சிவப்புக் குழாயைத் திறந்துவிடுவேன். ஒன்பது மணிக்குள் ஐந்து வாளியும் ஆறிப்போகும். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, பாய்லர் சரியில்லை என்று மேலே போய்ப் புகார் சொல்வேன். இரண்டையும் நான் ஒருநாளும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. சத்தியமாக.

டோனி சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் குனிந்து குழாயை மூடினான். ஒரு நிமிஷத்தில் மேலேயிருந்து மாப்பிள்ளை, "வந்துருச்சு, சூடா வந்துருச்சு" என்று கத்தினார். தலையில் நுரையோடு கீழே ஓடிவந்து, என்னையும் வாளிகளையும் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலேயே வந்த ஓவியா என்னைக் காட்டி, "அப்பிச்சி ஃபில்ஸ் பக்கெட்ஸ். எவ்ரி டே" என்றாள். அவளை யாராவது முன்பே கேட்டிருக்கலாம். சாந்தாமணி மட்டும், "இருவத்தாறு வருசம் நீங்க பாய்லரப் பாத்தீங்களா, இல்ல பாய்லர் உங்களப் பாத்துச்சா?" என்று கேட்டாள். மாப்பிள்ளையோ, "பரவால்லீங்க மாமா, குளிர்ல இருக்காதீங்க" என்று தன் தோளில் இருந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டுப் போனார். அந்த நிமிஷம் ஐந்து வாளியில் ஒன்றில் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆகவே சம்பந்தி, தங்கள் பையன் ஏமாறவில்லை, பாய்லர் சொக்கத் தங்கம். தாங்கள் பெரிய மனது பண்ணி, இது கிடைத்ததுமே அவருக்கு போன் போட்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும். தப்பு என் தலையில்தான் என்று தாராளமாகச் சொல்லுங்கள். வாளிகளை கராஜுக்கு அனுப்பியாகிவிட்டது, இனி ஷவர்தான். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், தங்கள் வீட்டுப் பேரன் பேத்திகளுக்கு என் ஆசியும். பேச வாயில்லாத,

மாரிசாமி

பி.கு.: கவர் ஒட்டும்போது தங்கள் விலாசம் கேட்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "எதுக்குங்க மாமா லெட்டரு? நேத்தே அப்பாகிட்டப் பேசிட்டேன். சென்சார் போயிருந்துச்சு, மாமா சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு உங்கள நெனச்சு ஒரே பெருமை" என்கிறார். என் மானத்துக்காகப் பெற்ற தகப்பனிடம் பொய் சொல்லியிருக்கிறார், சம்பந்தி. நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள், எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். அவர் கேட்டால் சென்சார் என்றே சொல்லுங்கள். இப்போது மேலே அவர் குளிக்கிறார். கராஜிலிருந்து ஒரே ஒரு வாளியை மட்டும் எடுத்துவந்து பிடித்து வைத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர்தான்.